டிரைவைக் கழற்றும் முன் அந்தச் சிவப்புப் பெட்டியைக் கவனியுங்கள்

கேள்வி: என் லேப்டாப் வாங்கும்போது விண்டோஸ் 8 இருந்தது. பிறகு விண்டோஸ் 10க்கு மாறினேன். சில நாட்களாக ஆன் செய்தால் 'ஆட்டோமேடிக் ரிப்பேர்' என்று வந்து, சுற்றிச் சுற்றி அதே இடத்தில் நிற்கிறது. கையில் இருந்த பழைய விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டேன். ஒரு சிவப்புப் பெட்டி வந்து 'செக்யூர் பூட்' என்று ஏதோ சொல்லிவிட்டு மறைகிறது. அதே டிவிடி வீட்டிலுள்ள பழைய டெஸ்க்டாப்பில் ஒழுங்காக வேலை செய்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்ட்டை டெஸ்க்டாப்பில் டவுன்லோட் செய்து, இன்னொரு டிவிடியில் காப்பி செய்து போட்டேன். அதற்குச் சிவப்புப் பெட்டிகூட வரவில்லை. டிரைவ் கொஞ்ச நேரம் உறுமுகிறது, அப்புறம் பழையபடி ரிப்பேர் திரைதான். பூட் ஆர்டரில் டிவிடி முதலிடத்தில்தான் இருக்கிறது. போன மாதம் வரை பாட்டு சிடி இதே டிரைவில் ஓடியது. விவரம் தெரிந்த உறவினர் ஒருவர், டிரைவ் போய்விட்டது, மாற்றிவிடு என்கிறார். மாற்றட்டுமா? பிள்ளைகளின் படங்கள் எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே டிரைவுக்குச் சாதகமான சாட்சி இருக்கிறது.

அந்தச் சிவப்புப் பெட்டி சும்மா வரவில்லை. அது வர வேண்டுமென்றால் முதலில் டிரைவ் வட்டைச் சுழற்றியிருக்க வேண்டும், லேசர் அதைப் படித்திருக்க வேண்டும், வட்டிலுள்ள பூட் ஃபைலை லேப்டாப் கண்டுபிடித்து மெமரிக்குள் ஏற்றியிருக்க வேண்டும், அதன் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்த்திருக்க வேண்டும். இத்தனையும் நடந்த பிறகுதான் 'இந்தக் கையொப்பம் செல்லாது' என்று பெட்டி காட்டி வெளியே தள்ளுகிறது. போய்விட்ட டிரைவால் இவ்வளவு தூரம் வர முடியாது. ஆகவே விண்டோஸ் 7 வட்டு நின்ற இடம் வேறு, மின்ட் வட்டு நின்ற இடம் வேறு. இரண்டுக்கும் ஒரே காரணத்தைத் தேடியதால்தான் பழி டிரைவின் தலையில் விழுந்திருக்கிறது.

பூட் ஆகாத லேப்டாப்பைப் பார்க்கும்போது நான் முதலில் கேட்பது, எதுவரை போய் நின்றது என்பதைத்தான். வட்டே சுழலவில்லையா, சுழன்றும் மெனுவில் பெயர் வரவில்லையா, பெயர் வந்து தேர்ந்தெடுத்த பிறகு திரும்பி வந்துவிடுகிறதா, இல்லை இன்ஸ்டால் திரை பாதி வந்து உறைகிறதா? நான்கும் நான்கு வேறு நோய்கள். நின்ற இடம் தெரிந்தால் எதைத் தொட வேண்டும் என்பது பாதி தெரிந்துவிடும்.

மேலே போவதற்கு முன் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நீங்கள் இப்போது போட முயல்வது இன்ஸ்டாலேஷன் வட்டு. அது வேலை செய்யாமல் போனது ஒரு வகையில் நல்லதாயிற்று. ஒருவேளை அந்த விண்டோஸ் 7 வட்டு பூட் ஆகியிருந்தால், அடுத்த சில நிமிடங்களில் 'பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) அழிக்கவா' என்று கேட்கும் திரையின் முன் உட்கார்ந்திருப்பீர்கள். களைத்துப்போன நேரத்தில் அங்கே சரி என்று தட்டுகிறவர்கள் அதிகம். எனவே நம் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் எப்படியாவது ஒரு வட்டிலிருந்தோ பென்டிரைவிலிருந்தோ லேப்டாப்பைக் கிளப்புவது, உடனே படங்களை வெளியே எடுப்பது, ஹார்டு டிஸ்க் நலமா என்று பார்ப்பது. இன்ஸ்டால் என்ற பேச்சே அதற்கு அப்புறம்தான்.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கேயே. டிஸ்க், விண்டோஸின் பிட்லாக்கர் என்ற பாதுகாப்பு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், செக்யூர் பூட் அமைப்பில் கை வைத்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் இல்லாமல் லினக்ஸிலிருந்தும் படங்களைத் திறக்க முடியாது. உங்கள் லேப்டாப்பின் வயதுக்கு இது இருக்க வாய்ப்பு குறைவுதான். இருந்தாலும், விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து நுழைந்தவர் என்றால், பயாஸில், அதாவது லேப்டாப்பின் தொடக்க அமைப்புத் திரையில், எதையும் மாற்றுவதற்கு முன்பே போனிலிருந்து அந்தக் கணக்கில் நுழைந்து மீட்பு எண் ஏதாவது சேமிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தாளில் எழுதி வையுங்கள்.

சரி, முதலில் விண்டோஸ் 7 வட்டு.

2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அதனுடன் வந்த லேப்டாப்களில் பழைய பயாஸுக்குப் பதில் யூஇஎஃப்ஐ என்ற புதிய முறை இருந்தது (அதன் அமைப்புத் திரையையும் பழக்கத்தில் பயாஸ் என்றே சொல்கிறோம்), செக்யூர் பூட்டும் ஆன் செய்தே வந்தது. நம்பகமான கையொப்பம் இல்லாத எதையும் தொடக்கத்திலேயே ஓட விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. விண்டோஸ் 7 அதற்கு முந்தைய காலத்துச் சரக்கு. செக்யூர் பூட்டை அது அறியாது. உங்கள் பழைய டெஸ்க்டாப்பில் அந்தக் காவல் இல்லை, அதனால் அங்கே பூட் ஆகிறது. லேப்டாப்பில் இருக்கிறது, தடுக்கிறது. வட்டிலும் குறையில்லை, டிரைவிலும் குறையில்லை.

செக்யூர் பூட்டை அணைத்துவிட்டால் போதுமே என்று தோன்றும். அணைக்கலாம். ஆனால் அதோடு முடியாது. பல மாடல்களில் சிஎஸ்எம் அல்லது லெகசி என்ற பழைய முறையையும் ஆன் செய்தால்தான் விண்டோஸ் 7 லோகோவைத் தாண்டும். லெகசி முறையில் பூட் ஆனால், டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும் திரையில் 'இந்த டிஸ்க் ஜிபிடி முறையில் இருக்கிறது, இதில் நிறுவ முடியாது' என்று நிற்கும். டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் புதிய முறை ஜிபிடி, பழைய முறை எம்பிஆர். விண்டோஸ் 8 உடன் வந்த லேப்டாப்பின் டிஸ்க் பெரும்பாலும் ஜிபிடியாகத்தான் இருக்கும். அதைத் தாண்ட வழி கேட்டால், எல்லாப் பார்ட்டிஷனையும் அழித்து எம்பிஆராக மாற்று என்று யாராவது சொல்வார்கள். படங்கள் போகும் இடம் அதுதான். அதையும் தாண்டினால், யூஎஸ்பி 3 போர்ட்டுக்கான டிரைவர் விண்டோஸ் 7 வட்டில் கிடையாது. அந்தப் போர்ட்டில் செருகிய மவுஸும் பென்டிரைவும் இன்ஸ்டால் நேரத்தில் செத்துக் கிடக்கும். இவ்வளவு பாடுபட்டுக் கிடைப்பது, 2020 ஜனவரி 14 அன்றே மைக்ரோசாஃப்ட் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்ட ஒரு சிஸ்டம். அந்த வட்டை உறையில் போட்டுப் பழைய டெஸ்க்டாப்புக்கு அருகிலேயே வைத்துவிடுங்கள்.

அடுத்து மின்ட் வட்டு. இதில்தான் எனக்குச் சந்தேகம் பலமாக இருக்கிறது. 'காப்பி செய்து' என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படிக் காப்பி செய்தீர்கள்?

டெஸ்க்டாப்பில் அந்த டிவிடியைப் போட்டு, அதைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஏறத்தாழ மூன்று ஜிபி அளவில், பெயரின் கடைசியில் ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு ஃபைல் மட்டும் தெரிந்தால், விஷயம் அங்கேயே முடிந்தது. அது பூட் ஆகாது, உலகத்தில் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஆகாது. வீட்டின் வரைபடத்தைச் சுருட்டி மனையில் வைத்துவிட்டு, வீடு கட்டியாயிற்று என்பதைப் போன்றது அது. உள்ளே 'பூட்', 'இஎஃப்ஐ', 'காஸ்பர்' என்று தனித்தனி ஃபோல்டர்கள் தெரிந்தால் வட்டு சரியாக எழுதப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் உள்ளே போகிறேன். வட்டு 2048 பைட் கொண்ட செக்டார்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். பூஜ்யத்திலிருந்து எண்ணினால் 16ஆவது செக்டாரில் வட்டின் பொதுவான விவரம் இருக்கும். பூட் ஆகும் வட்டு என்றால் 17ஆவது செக்டாரில் அதற்கான குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். பூட் ஃபைல்களின் பட்டியல் வட்டில் எங்கே கிடக்கிறது என்று அந்தக் குறிப்பு சொல்லும். 1995இல் வந்த எல் டொரிட்டோ என்ற விதிமுறை இதை வகுத்தது, இன்றுவரை அதுதான் நடைமுறை. லேப்டாப் ஆன் ஆனதும் நேராக 17ஆவது செக்டாரைத்தான் பார்க்கும். ஐஎஸ்ஓ என்பது ஒரு முழு வட்டின் செக்டாருக்குச் செக்டார் நகல். அதை 'இமேஜ்' ஆக எழுதினால் அந்தக் குறிப்பு தன் இடத்தில் போய் உட்காரும். சாதாரண ஃபைலாக இழுத்துப் போட்டால், குறிப்பு அந்தப் பெரிய ஃபைலின் வயிற்றுக்குள் எங்கேயோ இருக்கும், 17ஆவது செக்டாரில் ஒன்றும் இருக்காது. லேப்டாப் பார்க்கும், பூட் வட்டு இல்லை என்று முடிவு செய்யும், சத்தம் போடாமல் ஹார்டு டிஸ்க்குக்குப் போய்விடும். நீங்கள் சொன்ன அறிகுறி அப்படியே இதுதான்: உறுமல், அப்புறம் ரிப்பேர் திரை, நடுவில் ஒரு எழுத்துகூட இல்லை.

ஒரே ஃபைல்தான் தெரிகிறது என்றால் புது வட்டில் மறுபடி எழுதுங்கள். விண்டோஸில் ஐஎஸ்ஓ ஃபைல் மீது வலது கிளிக் செய்தால் 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்று வரும். அது வராவிட்டால் ஃபைலை வேறு ஏதோ மென்பொருள் திறக்கும்படி அமைந்திருக்கிறது என்று அர்த்தம். 'ஓப்பன் வித்' வழியாக விண்டோஸின் இமேஜ் பர்னரைத் தேர்ந்தெடுக்கலாம். எழுதிய பின் சரிபார்க்கவும் என்ற 'வெரிஃபை' கட்டத்தை டிக் செய்ய மறக்காதீர்கள். வேகத்தைக் குறைவாக வைக்கும் வசதி இருந்தால் குறைவாகவே வையுங்கள். திரும்பத் திரும்ப எழுதும் ஆர்டபிள்யூ வகை வட்டை இதற்குத் தவிர்ப்பது நல்லது. அதன் பளபளப்பு குறைவு, பழைய டிரைவ்கள் அதைப் படிக்கத் திணறும்.

டவுன்லோட் பாதியில் அறுந்திருக்கவும் கூடும். மின்ட் தளத்தில் ஐஎஸ்ஓவோடு ஷா256 என்ற நீண்ட எண்ணும் தரப்பட்டிருக்கும். உங்கள் ஃபைலுக்கும் அதே எண் வருகிறதா என்று ஒப்பிடலாம். எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் மறுபடி டவுன்லோட்தான். இதைச் செய்யச் சோம்பலாக இருந்தால் குறுக்கு வழி ஒன்று உண்டு: மின்ட் வட்டை டெஸ்க்டாப்பிலேயே போட்டுப் பூட் செய்து பாருங்கள். விண்டோஸ் 7 வட்டை அங்கே சோதித்திருக்கிறீர்கள், மின்ட்டைச் சோதித்ததாக எழுதவில்லை. அங்கேயும் பூட் ஆகாவிட்டால் லேப்டாப் நிரபராதி.

ஆனால் வட்டில் ஃபோல்டர்கள் ஒழுங்காக இருக்கின்றன, டெஸ்க்டாப்பிலும் பூட் ஆகிறது, லேப்டாப்பில் மட்டும் மாட்டேன் என்கிறது என்றால்? அப்போதுதான் டிரைவைக் கொஞ்சம் சந்தேகப்படலாம்.

லேப்டாப் டிரைவின் தட்டை வெளியே இழுத்தால், சுழலும் அச்சும் லென்ஸும் தட்டோடு சேர்ந்தே வெளியே வரும். நடுவிலுள்ள அச்சைச் சுற்றி, ஸ்பிரிங்கில் அழுந்தும் சிறிய பற்கள் இருக்கும். டெஸ்க்டாப் டிரைவில் வட்டைச் சும்மா வைத்தால் போதும், உள்ளே போனதும் மேலிருந்து ஒன்று வந்து பிடித்துக்கொள்ளும். இதில் அப்படி இல்லை, நீங்கள்தான் அழுத்திப் பூட்ட வேண்டும். ஒரு கையால் தட்டின் அடிப்பக்கத்தைத் தாங்கிக்கொண்டு, மறு கையின் விரல்களால் வட்டின் துளையை ஒட்டிய பகுதியை 'டக்' என்று கேட்கும்வரை அழுத்துங்கள். பிறகு விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். வட்டு ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகச் சுழல வேண்டும். ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால், உள்ளே போய் உறுமும், படிக்காது. தட்டைத் தாங்காமல் அழுத்தினால் அதன் தண்டவாளம் வளையும். டிரைவ் கெடுவதில் ஒரு பங்கு இந்தப் பழக்கத்தால்தான்.

பாட்டு சிடி ஓடியது என்பதை மட்டும் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் வேண்டும், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். டிரைவுக்குள் இரண்டும் தனித்தனியாக இருக்கும். ஒன்று ஓய்ந்தாலும் மற்றது ஓடும். சிடி மட்டும் படித்து டிவிடியை மறுக்கும் டிரைவ்களைப் பார்ப்பது இந்தத் தொழிலில் சகஜம். உங்கள் விஷயத்தில் விண்டோஸ் 7 டிவிடியைச் சிவப்புப் பெட்டி வரை படித்திருக்கிறதே, அதனால் டிவிடி லேசர் உயிரோடு இருக்கிறது. ஆனாலும் அது கம்பெனி அச்சிட்ட வட்டாக இருந்தால், அதில் பள்ளங்கள் உண்மையிலேயே அழுத்தப்பட்டிருக்கும், படிப்பது சுலபம். வீட்டில் எழுதிய வட்டில் இருப்பது லேசரால் நிறம் மாறிய சாயப் பூச்சு. லேசர் தளர்ந்த அல்லது லென்ஸில் தூசி படிந்த டிரைவ் முதலில் கைவிடுவது இந்த வகை வட்டைத்தான்.

லென்ஸைத் துடைக்கலாம். லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, தட்டை வெளியே எடுங்கள். பட்டன் வேலை செய்யாவிட்டால் முகப்பிலுள்ள ஊசித் துளைக்குள் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை விட்டால் திறக்கும். முதலில் ரப்பர் பல்பால் காற்று அடியுங்கள், வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். அதற்கும் போகாவிட்டால் பஞ்சுக் குச்சியில் துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, லென்ஸின் மேல் பட்டும் படாமலும் ஒரு சுற்று. லென்ஸ் மிக மெல்லிய கம்பிகளில் மிதந்துகொண்டிருக்கிறது, அழுத்தினால் அதோடு டிரைவ் முடிந்தது. வட்டைத் துடைப்பதானால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தின் வழியே நீளும், அப்படிப்பட்ட கீறலைச் சமாளிப்பது டிரைவுக்குக் கடினம்.

இனி பூட் ஆர்டர். டிவிடி முதலிடத்தில்தான் இருக்கிறது என்கிறீர்கள். அதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, உங்களை அல்ல, அந்தப் பட்டியலை. யூஇஎஃப்ஐ லேப்டாப்களில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு பெயர் பட்டியலில் உட்கார்ந்திருக்கும். சில மாடல்களில் நீங்கள் கீழே தள்ளினாலும் அது மறுபடி மேலே ஏறிவிடும். அதனால் நிரந்தர வரிசையை மாற்றுவதை விட்டுவிட்டு, அந்த ஒரு முறைக்கு மட்டும் கேட்கும் பூட் மெனுவைப் பயன்படுத்துங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9, அசுஸில் எஸ்கேப், எம்எஸ்ஐயில் எஃப்11. லெனோவோவின் சில மாடல்களில் ஊசியால் அழுத்தும் நோவோ பட்டன் இருக்கும். பல ஏசர் மாடல்களில் எஃப்12 மெனுவே அணைக்கப்பட்டுத்தான் வரும், பயாஸுக்குள் போய் முதலில் ஆன் செய்ய வேண்டும். அதில் செக்யூர் பூட் வரி மங்கலாகத் தெரிந்து மாற்ற முடியாமல் இருந்தால், ஒரு சூப்பர்வைசர் பாஸ்வேர்டு வைத்த பிறகுதான் திறக்கும். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் இதைவிடப் பெரிய தலைவலி, வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள்.

கீயை எப்போது தட்டுவது என்று பிடிபடவில்லையா? உங்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. எரிச்சலூட்டும் அந்த ஆட்டோமேடிக் ரிப்பேர் திரையே வழிகாட்டும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் 'யூஸ் எ டிவைஸ்' என்று ஒன்று இருக்கும், அங்கே டிவிடியையோ பென்டிரைவையோ நேராகத் தேர்ந்தெடுக்கலாம். 'டிரபிள்ஷூட்' வழியாகப் போனால் 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' வரும், அது பயாஸுக்குள் கொண்டுபோய் விடும். கீயோடு போட்டி போட வேண்டியதில்லை.

மெனுவில் ஒரே டிரைவ் இரண்டு முறை தெரிந்தால் குழம்ப வேண்டாம். ஒன்றின் முன்னால் 'யூஇஎஃப்ஐ' என்று இருக்கும், மற்றதில் இருக்காது. முன்னது புதிய முறை, பின்னது லெகசி. மின்ட்டுக்கு யூஇஎஃப்ஐ என்று இருப்பதையே எடுங்கள். வட்டை மெனு வந்த பிறகு போடாதீர்கள். டிரைவ் வட்டைச் சுழற்றி இன்னதென்று தெரிந்துகொள்ளவே சில விநாடிகள் எடுக்கும், அவசரக்கார பயாஸ் அதுவரை காத்திருக்காது. வட்டைப் போட்டு, லேப்டாப்பை ஆன் செய்து, மெனுவிலேயே நிறுத்தி, உறுமல் அடங்கிய பிறகு என்டரைத் தட்டுங்கள். பயாஸில் 'ஃபாஸ்ட் பூட்' என்று இருந்தால் அணைத்துவிடுங்கள். நேரத்தை மிச்சப்படுத்துகிறேன் என்று அது டிவிடி டிரைவையும் யூஎஸ்பியையும் பார்க்காமலே தாண்டிவிடும். விண்டோஸ் வட்டாக இருந்தால், 'ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்' என்று கறுப்புத் திரையில் ஒரு வரி சில விநாடிகள்தான் நிற்கும். அந்த நேரத்தில் கண்ணைத் திருப்பினால் பூட் ஆகவில்லை என்றுதான் தோன்றும்.

செக்யூர் பூட்டை மின்ட்டுக்காக அணைக்க வேண்டியதில்லை, இன்றைய பதிப்புகள் கையொப்பத்தோடுதான் வருகின்றன. பழைய பதிப்பு என்றால் சிக்கல் வரலாம். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு, பழைய லினக்ஸ் வட்டுகள் பல 'எஸ்பேட்' என்ற சொல்லோடு ஒரு பிழைச் செய்தியைக் காட்டி நின்றுவிட்டன. அப்படி ஏதாவது தெரிந்தால் புதிய ஐஎஸ்ஓ எடுப்பதே தீர்வு.

இவ்வளவும் டிவிடிக்காகச் சொன்னேன். என்னைக் கேட்டால், வட்டையே விட்டுவிட்டு ஒரு பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு ஜிபி போதும். தூசி இல்லை, லேசர் இல்லை, வேகமும் அதிகம். டிவிடியிலிருந்து ஓடும் மின்ட்டில் ஒரு மெனுவைத் திறந்தால் டிரைவ் எழுந்து உறுமிவிட்டுத்தான் காட்டும், பொறுமை போய்விடும். போதாக்குறைக்கு இன்றைய விண்டோஸ் ஐஎஸ்ஓக்கள் 4.7 ஜிபி டிவிடியில் அடங்குவதும் இல்லை. டெஸ்க்டாப்பில் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளை இறக்கி, பென்டிரைவையும் ஐஎஸ்ஓவையும் காட்டி, பார்ட்டிஷன் முறையை ஜிபிடி என்று வைத்து 'ஸ்டார்ட்' கொடுங்கள். பென்டிரைவில் ஏற்கனவே இருப்பது முழுவதும் அழியும். இங்கேயும் ஐஎஸ்ஓவை இழுத்துப் போட்டால் பழைய கதைதான்.

மின்ட் கிளம்பியதும் டெஸ்க்டாப் திரை வரும். எதையும் நிறுவாமலே அது ஓடிக்கொண்டிருக்கும். அங்கே 'இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்' என்று ஒரு ஐகான் இருக்கும், இப்போது அதைத் தொடாதீர்கள். ஃபைல் மேனேஜரில் உங்கள் விண்டோஸ் டிஸ்க்கைத் திறந்து, 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருப்பதை எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குக் காப்பி செய்யுங்கள். விண்டோஸ் முழுதாக அணையாமல் தூங்கிய நிலையில் இருந்திருந்தால் அந்த டிஸ்க் படிக்க மட்டுமே திறக்கும், எழுத விடாது. பரவாயில்லை, நமக்குப் படித்தால் போதும். காப்பி ஆனதும் நாலைந்து படங்களை எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலிருந்தே திறந்து பாருங்கள்.

அதற்கு அப்புறம் 'டிஸ்க்ஸ்' என்ற கருவியைத் திறந்து, ஹார்டு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மெனுவில் 'ஸ்மார்ட்' என்ற உடல்நிலை விவரத்தைப் பாருங்கள். 'ரீஅலொகேட்டட் செக்டார்' (கெட்டுப்போய் மாற்றப்பட்டவை), 'பெண்டிங் செக்டார்' (படிக்கத் திணறுபவை) என்ற இரண்டு வரிகளும் பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. பெண்டிங் என்ற வரியில் எண் ஏறியிருந்தால் டிஸ்க் சாகத் தொடங்கியிருக்கிறது. உங்கள் ரிப்பேர் சுழலுக்கும் அதுவே காரணமாக இருக்கலாம். அப்படியானால் மாற்ற வேண்டியது ஹார்டு டிஸ்க்கை. இந்த வயது லேப்டாப்களில் பெரும்பாலும் 2.5 அங்குல சாட்டா டிஸ்க்தான் இருக்கும், அதே அளவில் எஸ்எஸ்டி போட்டால் வேகமும் கூடும். சாகத் தொடங்கிய அந்தப் பழைய டிஸ்க்கில் மேற்கொண்டு எந்தச் சோதனையும் ஓட்டாதீர்கள், படங்களை எடுத்த கையோடு நிறுத்திவிடுங்கள்.

டிஸ்க் நலம் என்றால் விண்டோஸா மின்ட்டா என்பது உங்கள் விருப்பம். விண்டோஸ் 10ஐ மறுபடி நிறுவினால் அதே லேப்டாப் என்பதால் நெட் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், ஆனால் அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பிராசசர் பட்டியலில் விண்டோஸ் 8 காலத்து லேப்டாப் வராது. படம் பார்க்கவும் பிரவுசருக்கும்தான் என்றால் நான் மின்ட்டையே வைத்துக்கொள்வேன்.

எங்காவது மறுபடி நின்றால் எழுதுங்கள். லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயர், பூட் மெனுவில் தெரியும் வரிகள், கடைசியாகத் திரையில் வந்த செய்தி, மூன்றையும் போனில் படமெடுத்து அனுப்புங்கள். மறைந்துவிடும் செய்தியாக இருந்தால் வீடியோவாக எடுத்து, பிறகு நிறுத்திப் படிக்கலாம்.